தீப்பந்தச் சிலம்பத்தைப் படமெடுக்கும்போது ஃபிளாஷ் லைட்டுகளைக் காப்பாற்றுவது எப்படி?

முதன்முதலாகத் தீப்பந்தச் சிலம்பத்தை ஃபிளாஷ் வைத்து எடுத்த மறுநாள் காலை, சாஃப்ட்பாக்ஸை (வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டின் முன்னால் மாட்டும் துணிப்பெட்டி) ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். முன்துணியில் பதினோரு ஓட்டைகள். ஊசி நுழைகிற அளவுதான். ஒவ்வொன்றின் விளிம்பும் உருகி, பாசிமணி போல உருண்டு கெட்டியாகியிருந்தது. முந்தின இரவு ஒரு பொறிகூட லைட் பக்கம் வந்ததாக எங்கள் யாருக்கும் நினைவில்லை. வாடகை லைட் அது. கடைக்காரர் டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார். தப்பு என்னுடையது, பேச ஒன்றுமில்லை.

கம்பு சுற்றிய சிலம்ப ஆசானிடம் போனில் சொன்னேன். சிரித்தார். "கம்பு என் கையில இருக்கு தம்பி. எண்ணெ என் கையிலயா இருக்கு?"

இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த எண்ணெயைப் பற்றியதுதான். பலரும் தீயின் சூட்டுக்குப் பயந்து லைட்டை பிளாஸ்டிக் கவரிலும் ஃபாயிலிலும் சுற்றுகிறார்கள். பந்தத்தின் சூடு பத்தடி தாண்டி வந்து லைட்டை ஒன்றும் செய்துவிடாது. லைட்டைக் கெடுப்பவை வேறு: பறக்கும் எண்ணெய்த் துளி, தரையோடு தவழும் ஆவி, எண்ணெய்ப் பசையுள்ள கரி, காற்றில் சாயும் ஸ்டாண்டு. இந்த நாலில் எதுவும் மூடி வைப்பதால் முழுசாகத் தீராது. லைட்டை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசிக் காவல் இருக்கிறது.

(பூக்குழி எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. குழி நிறையக் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் இடத்தில் சூடே பெரிய எதிரி. அந்தக் கணக்கு வேறு. இங்கே பேசுவது கையில் சுழலும் பந்தத்தைப் பற்றி.)

1. இடத்தை முடிவு செய்யுங்கள்

ஸ்டுடியோவுக்குள் வேண்டாம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் பாதி, அடுக்குமாடியின் ஒரு ஹால்தான். மேலே ஃபால்ஸ் சீலிங், பின்னால் ஒன்பதடி அகலக் காகித ரோல், பக்கத்தில் துணி பேக்டிராப், வெளியேற ஒரே கதவு. மண்ணெண்ணெய்ப் புகை ஐந்து நிமிடத்தில் கண்ணை எரிக்கும். தொங்கும் காகித ரோலில் ஒரு துளி விழுந்தால் அது திரி மாதிரி மேலே ஏறும்.

இரவே கறுப்பு பேக்டிராப்தானே. பள்ளி மைதானம், பொட்டல், ஆளில்லாத கடற்கரை போதும். காய்ந்த புல் இருந்தால் செதுக்கிவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மொட்டை மாடி என்றால் கீற்றுக் கொட்டகை, துணிக்கொடி, பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் மூன்றையும் பாருங்கள். கீற்று இருந்தால் பேச்சே இல்லை, வேறு இடம் தேடுங்கள். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்றது கீற்றுக் கூரையில் பற்றிய தீதான்.

இடம் யாருடையதோ அவரிடம் அனுமதி, பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு தகவல். இரண்டையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

2. காற்றைப் பாருங்கள்

ஒரு சிட்டிகை விபூதியையோ கோலமாவையோ தோள் உயரத்திலிருந்து விடுங்கள். அது சாயும் பக்கம்தான் கரியும் போகும். லைட், கேமரா பை, உபரி பேட்டரி எல்லாம் காற்று வரும் பக்கம் இருக்கட்டும். எரிபொருள் டின்னை அங்கே வைக்காதீர்கள். ஆவி பந்தத்தை நோக்கி வரும். காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் முப்பதடி தள்ளி, மூடியோடு வையுங்கள்.

சென்னைக் கடற்கரை என்றால் சாயங்காலம் கிழக்கிலிருந்து அடிக்கும் கடற்காற்று இரவில் தணிந்து திசை மாறலாம். ஒன்பது மணிக்கு இன்னொரு சிட்டிகை.

பெரிய கிளை ஆடும் அளவுக்குக் காற்று இருந்தால் அன்றைக்கு ஷூட் இல்லை. நான் இரண்டு முறை படமெடுக்காமலே திரும்பி வந்திருக்கிறேன்.

3. பந்தத்தையும் எரிபொருளையும் நீங்களே பாருங்கள்

ஆசானின் வேலையில் தலையிடுவதாக நினைக்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

பந்தத் துணி பருத்தியா என்று பாருங்கள். பாலியஸ்டர் கலந்த துணி உருகிச் சொட்டும். கட்டியிருப்பது கட்டுக்கம்பியா, சணல் கயிறா? கயிறு எரிந்துவிடும், பிறகு எரியும் துணியே கழன்று பறக்கும். துளி விழுந்தால் சாஃப்ட்பாக்ஸில் ஓட்டை. முழுத்துணியும் விழுந்தால் லைட்டே போச்சு.

அடுத்தது டின்னுக்குள் என்ன இருக்கிறது என்பது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று பெட்ரோல் கலக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கலந்திருந்தால் படமெடுக்காதீர்கள். பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவு ஆவி விட மண்ணெண்ணெய்க்குச் சுமார் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் அவ்வளவு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். நாம் தரையில் எதை வைத்திருப்போம்? ஃபிளாஷுக்கு மின்சாரம் தரும் பவர் பேக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சார்ஜர். சுவிட்சில் வருகிற ஒரு சின்னப் பொறி போதும்.

மண்ணெண்ணெயே ஆனாலும் சித்திரை வெயிலில் டின் 38 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். நிழலில் வையுங்கள். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் ஏற்றிவிடுங்கள். கூடுமானவரை பேட்டரி லைட்டுகளை மட்டும் எடுத்துப் போங்கள். ஒயர் இல்லையென்றால் தடுக்கி விழவும் ஒன்றுமில்லை.

4. காய்ந்த கம்போடு ஒரு ஒத்திகை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

ஆசானை எண்ணெய் நனைக்காத கம்போடு முழு வரிசையையும் ஒருமுறை சுற்றச் சொல்லுங்கள். நீங்கள் கோலமாவோடு நில்லுங்கள். சிலம்பக் கம்பு பொதுவாக ஐந்தரை அடி, அதாவது 1.68 மீட்டர். நீட்டிய கை இரண்டரை அடி, பிடிக்கு வெளியே நீளும் கம்பு நாலரை அடி, கால்வரிசையில் அவர் எடுத்துவைக்கும் ஓர் எட்டு மூன்றடி. பத்தடி ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அது ஆசானுடைய இடம். அதற்குள் லைட்டும் இல்லை, நாமும் இல்லை.

அந்த வட்டத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் என்பதைக் கம்பு எந்தத் தளத்தில் சுழல்கிறது என்பதுதான் முடிவு செய்யும். மட்கார்டு இல்லாத சைக்கிளில் சேற்றில் போயிருக்கிறீர்களா? பின்சக்கரத்துச் சேறு சட்டை முதுகில் கோடு போடும். பக்கத்தில் நடந்து வருகிறவர் வேட்டியில் அனேகமாகப் படாது. சக்கரம் எந்தத் தளத்தில் சுற்றுகிறதோ அந்தத் தளத்திலேயே சேறும் கிளம்பும். எரியும் எண்ணெயும் அப்படித்தான்.

கேமராவைப் பார்த்து நின்று மார்புக்கு நேரே கம்பைச் சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் உங்களைப் பார்த்து நிற்கிறது. துளி இடம், வலம், மேல் என்று பறக்கும். உங்கள் பக்கமும் அவர் முதுகுப் பக்கமும் ஓரளவு பத்திரம். நாம் ஆசையாக வைக்கும் பக்கவாட்டு லைட்டுகள் இரண்டும் சரியாகச் சேறு அடிக்கும் கோட்டில் நிற்கும்! தலைக்கு மேல் பூம் (குறுக்கே நீளும் கம்பம்) போட்டு லைட் தொங்கவிட்டால் அதைவிட மோசம். என் பதினோரு ஓட்டையும் இடப்பக்க லைட்டில்தான்.

உடம்புக்குப் பக்கவாட்டில் வண்டிச்சக்கரம் போலச் சுற்றினால் கணக்கு திரும்பிவிடும். இப்போது பக்கவாட்டு லைட் பத்திரம், கேமராதான் கோட்டில் நிற்கிறது. தலைக்கு மேல் குடை போலச் சுற்றினால் எந்தப் பக்கமும் பத்திரமில்லை. தூரம் ஒன்றுதான் வழி.

ஒத்திகையில் இந்த மூன்றில் எது, எந்த வரிசையில் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆசானிடம் பேசி, ஒவ்வொரு பந்தத்துக்கும் ஒரே வகைச் சுற்று என்று பிரித்துக்கொள்ளலாம். "இந்தப் பந்தம் முழுக்க முன்சுத்து மட்டும் ஆசானே, அடுத்ததுல தலைச்சுத்து" என்றால் புரிந்துகொள்வார். நடுவில் அணைத்துவிட்டு லைட்டை நகர்த்தலாம்.

என் அளவு இது: சுற்றும் தளத்துக்கு வெளியே நிற்கும் லைட் நடுவிலிருந்து பதினாறு அடி. தளத்திலேயே நின்றாக வேண்டிய லைட் இருபத்தைந்து அடி. ஒரு ஷூட் முடிந்து விடிந்ததும் தரையில் எண்ணெய்ப் பொட்டுகளைத் தேடிப் பார்த்ததில் பதினெட்டு அடி வரை கிடந்தன. அதிலிருந்து வந்த கணக்கு.

5. சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிடுங்கள்

"இவ்வளவு தூரம் வைத்தால் வெளிச்சம் பத்தாதே?" என்பீர்கள். எட்டடியில் இருந்த லைட்டைப் பதினாறுக்குத் தள்ளினால் வெளிச்சம் கால்வாசிதான் வரும். இரண்டு ஸ்டாப் போகும் (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப்). உடனே ஐஎஸ்ஓ-வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். சுழலும் தீயின் கோடு எவ்வளவு பிரகாசமாக விழும் என்பதைத் தீர்மானிப்பது ஐஎஸ்ஓ-வும் அப்பெர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு)தான். ஷட்டர் கோட்டின் நீளத்தை மட்டும் மாற்றும். ஐஎஸ்ஓ ஏறினால் தீயின் ஆரஞ்சு போய் வெள்ளைக் கோடு மிஞ்சும்.

சாஃப்ட்பாக்ஸுக்குள் இருக்கும் இரண்டு அடுக்குத் துணி தின்கிற வெளிச்சத்தைத் திரும்ப வாங்குவதுதான் வழி. துணியைக் கழற்றி, ஏழு அங்குல உலோக ரிஃப்ளெக்டரைப் போடுங்கள். போன இரண்டு ஸ்டாப்பில் பெரும்பகுதி திரும்பி வரும். நைலானும் பாலியஸ்டரும் 250 டிகிரியை ஒட்டி உருகும். எரியும் துளியின் தீ அதைவிடப் பலமடங்கு சூடு. அலுமினிய ரிஃப்ளெக்டரில் அதே துளி விழுந்தால் ஒரு கறுப்புப் புள்ளி, துடைத்தால் போய்விடும். முன்னால் தேன்கூடு மாதிரி ஒரு உலோக ஹனிகோம்ப் கிரிட் மாட்டினால் ஃபிளாஷ் டியூபுக்கும் ஒரு வேலி ஆச்சு. குடை லைட்டுக்கும் இங்கே இடமில்லை. எரிவது ஒருபுறம், காற்றில் முதலில் பறப்பதும் அதுதான்.

வெளிச்சம் கடுமையாகத் தெரியாதா? தெரியும். வியர்வை மின்னும் தோளுக்கு அந்தக் கடுமை பொருத்தமாகவே இருக்கும். சாஃப்ட்பாக்ஸ் போட்டு எடுத்த என் பழைய படங்களைவிட இவை எனக்குப் பிடித்திருக்கின்றன.

தொடங்க ஓர் அமைப்பு: ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் அரை விநாடி, ரியர் கர்ட்டன் சிங்க் (ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிப்பது). 200 வாட்-செகண்ட் சக்தியுள்ள ஃபிளாஷ் லைட் ஒன்றே பதினாறு அடிக்குப் போதுமானது. தீயின் நிறம் 2000 கெல்வினை ஒட்டியது, ஃபிளாஷ் 5500-ஐ ஒட்டியது. சிடிஓ ஜெல் (வெளிச்சத்தை ஆரஞ்சாக்கும் நிறத்தாள்) போட்டால் தோலும் தீயும் ஒரே உலகத்தில் இருக்கும். ஜெல்லை ரிஃப்ளெக்டருக்கு முன்னால் ஒட்டாமல் கிரிட்டுக்குப் பின்னால் வையுங்கள். ஜெல்லும் பிளாஸ்டிக்தான்.

6. லைட்டின் உடம்பு

மாடலிங் லைட்டை (ஃபிளாஷ் அடிக்காத நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கும் பல்பு) அணைத்துவிடுங்கள். பழைய ஸ்டுடியோ ஃபிளாஷ்களில் அது ஹாலஜன் பல்பு. எண்ணெய்த் துளி பட்டால் வெடிக்கும், பக்கத்தில் ஆவி இருந்தால் பற்றவைக்கும். ஃபோகஸுக்கு டார்ச் அடித்துப் பார்த்து, லென்ஸை மேனுவலில் பூட்டிக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். காற்றோட்டம் அடைபட்டு லைட் தானே சூடேறும், துளி விழுந்தால் கவர் உருகி உடம்போடு ஒட்டும். ஏதாவது போட்டே ஆகவேண்டுமென்றால், சினிமா லைட்மேன்கள் வைத்திருக்கும் தடித்த கறுப்பு அலுமினிய ஃபாயிலை, சுழலும் பக்கம் மட்டும், ஒரு கை இடைவெளி விட்டுத் தடுப்பு மாதிரி நிறுத்துங்கள். காற்றுத் துவாரத்தின் மேலும் பேட்டரி முனைகளின் பக்கமும் அது படக் கூடாது.

ஹெட் வேறு, உடம்பு வேறு என்று எக்ஸ்டென்ஷன் போட வசதியுள்ள லைட் இருந்தால் நல்லது. கோடாக்ஸ் ஏடி200 ஃபிளாஷுக்கு அப்படி ஒரு கேபிள் ஹெட் கிடைக்கிறது. சின்ன ஹெட்டை மட்டும் மேலே நிறுத்திவிட்டு, விலை கூடிய பகுதியை ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைத்துவிடலாம். ஃபேன் உள்ள லைட்டின் பின்பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும், கரியை உள்ளே இழுக்காது.

7. ஸ்டாண்டு

ஸ்டாண்டின் ஒரு கால் லைட் சாயும் திசையை நோக்கி இருக்க வேண்டும். எடை போட மணல் மூட்டை எல்லோரும் சொல்வது. நான் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கீழ்க் காலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். இருபது கிலோ எடையும் ஆச்சு, அவசரத்துக்குத் தண்ணீரும் ஆச்சு. ஒவ்வொரு காலிலும் வெள்ளை டேப் ஒட்டுங்கள். தீயைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு இருட்டில் கறுப்புக் கால் தெரியாது. ஆசானுக்கும் தெரியாது.

8. பற்றவைத்த பிறகு

பந்தத்தை நனைத்ததும் டின்னுக்கு மேலேயே பிழிந்து வடிக்கச் சொல்லுங்கள். பிறகு, ஆள் இல்லாத பக்கமாக, பற்றவைக்காமலே நாலு சுற்று வேகமாகச் சுற்றி உதறட்டும். தீயில் பறக்க வேண்டிய எண்ணெயில் பெரும்பங்கு தீ இல்லாமலே இங்கே விழுந்துவிடும். லைட்டைக் காப்பாற்றும் வேலைகளில் காசு செலவில்லாதது இதுதான், பலரும் விட்டுவிடுவதும் இதுதான். உதறிய இடத்தில் பற்றவைக்காதீர்கள்; ஈர மண்ணில் நடந்து வட்டத்துக்கு வந்து பற்றவைக்கட்டும்.

முதல் சில சுற்றுகளை எடுக்காதீர்கள். மிச்சமுள்ள துளி அப்போதுதான் கிளம்பும். பக்கவாட்டு லைட்டை உதவியாளர் பிடித்தபடி ஐந்தடி பின்னால் நிற்கலாம்; தீ சீரானதும் குறித்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

கம்பு சுழலும்போது டெஸ்ட் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. எதிர்பாராத வெளிச்சம் ஆசானின் கண்ணைக் கூச வைத்தால் எரியும் கம்பு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. லைட் அவர் கண்மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். ஒத்திகையிலேயே பத்து ஃபிளாஷ் அடித்துப் பழக்கிவிடுங்கள்.

ஒருவர் மட்டும் கேமராவோ போனோ தொடாமல், ஈரச் சாக்கோடு நிற்க வேண்டும். அவருடைய ஒரே வேலை ஆசானைப் பார்ப்பது.

வாயால் தீ ஊதுபவரை எடுப்பதாக இருந்தால் முன்பக்கம் எதையும் வைக்காதீர்கள். எரியாத எண்ணெய்ச் சாரல் லைட்டின் கண்ணாடியில் படலமாகப் படியும், லென்ஸிலும்தான். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆளையே சாய்க்கும். இரண்டு முறைக்குள் படம் கிடைக்கவில்லை என்றால் அது நம் திட்டத்தின் குறை.

9. ஏதாவது பற்றிக்கொண்டால்

முதலில் ஆள். ஈரச் சாக்கு, தரையில் உருளல், தண்ணீர். தீப்புண்ணில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் விடுங்கள். இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் ஸ்டாண்டு சாய்ந்தால் சாயட்டும்.

லைட்டில் மட்டும் பற்றினால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான்தான் நல்லது, ஒன்றும் படியாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏபிசி பவுடர் தீயை அணைக்கும், ஆனால் ஈரத்தை இழுத்துச் சர்க்யூட்டை அரித்துவிடும். கார்பன் டை ஆக்சைடை ஆள் மேல் அடிக்காதீர்கள், குளிரே சுட்டுவிடும். பேட்டரி உப்பினாலோ சீறினாலோ தொடவேண்டாம். தள்ளி நின்று 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

10. வீட்டுக்கு வந்ததும்

அன்றிரவே லைட்டை மூடிப் பெட்டியில் போடாதீர்கள். மறுநாள் ஆறிய பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். உடம்பைத் திறக்க வேண்டாம். அணைத்த லைட்டின் கெப்பாசிட்டரிலும் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

காற்றுத் துவாரத்தில் புளோயர் அடித்தால் கரி உள்ளே போகும். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தட்டி, வேக்கூம் கிளீனரைப் பக்கத்தில் பிடியுங்கள். கண்ணாடி மூடியில் கரிப்படலம் இருந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முழுசாகக் காயவிட்ட பிறகே பேட்டரி போடுங்கள். ஒரு பொட்டுப் பசை மிச்சமிருந்தாலும் அடுத்த ஃபுல் பவர் ஃபிளாஷில் அந்த இடம் மட்டும் சூடேறிக் கண்ணாடியில் விரிசல் விழலாம். டியூபை விரலால் தொடாதீர்கள்.

ரிஃப்ளெக்டருக்குப் பாத்திரம் துலக்கும் சோப்பு போதும். பைக்கு மட்டும் எதுவும் உதவாது. இரண்டு நாள் மாடி நிழலில் திறந்து போட்டால் மண்ணெண்ணெய் வாடை பாதி குறையும். ஃபிளாஷை இயக்கும் டிரிக்கரை வைக்கும் என் பையில் இன்னும் அந்த முதல் ஷூட்டின் வாடை இருக்கிறது. கல்யாண வீடுகளில் அதைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அடுப்பை எட்டிப் பார்க்கிறார்.